சில்காவுக்குப் போகும் பெட்டியில் என்ன வைப்பது?

கடற்படையில் 15 ஆண்டுகள் மாலுமியாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மும்பை செம்பூரில் இருக்கிறேன். நான்கு ஆண்டுக்குக் கடற்படையில் சேரும் அக்னிவீராகத் தேர்வாகி, ஒடிசாவில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்கா என்ற கடற்படைப் பயிற்சி நிலையத்துக்குக் கிளம்பும் நம் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. அழைப்புக் கடிதத்தோடு வரும் பட்டியல் வேறு மாதிரி சொன்னால் அதுதான் செல்லும். என் பேச்சு எடுபடாது.

ஐயா, 90 அடிச் சாலையில் நல்ல தோல் பெட்டி பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? (தாராவி)

வேண்டாம் தம்பி. ஒரு தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிற சாதாரணப் பை போதும். நான் தகர டிரங்குப் பெட்டியோடு போய் இறங்கியவன். அதைத் தூக்கிய வலதுகை ஒரு வாரம் சொன்னபடி கேட்கவில்லை. பெட்டியில் மிச்சமாகும் பணத்துக்கு உறுதியான பூட்டு ஒன்று வாங்கு, இரண்டு சாவியோடு.

சீருடை நாமே தைக்க வேண்டுமா?

இல்லை, அங்கேயே தருவார்கள். உள்ளாடை, துண்டு இவற்றில் மட்டும் அழியாத மையால் பெயர் எழுதிவிடு. கொடியில் காயும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஆதாரில் என் பெயர் 'செ. முருகன்'. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கிறது. சிக்கல் வருமா? (சயான் கோலிவாடா)

கேட்டாயே, இதுதான் கேள்வி! பையில் எது குறைந்தாலும் சமாளிக்கலாம். காகிதம் குறைந்தால் முடியாது. மகாராஷ்டிர வாரியச் சான்றிதழில் குடும்பப் பெயர் முதலில், பிறகு உன் பெயர், அப்புறம் அப்பா பெயர். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. பள்ளியில் சேர்த்த அன்று எழுத்தர் கேட்ட கேள்விக்கு அப்பா தாத்தா பெயரைச் சொல்லியிருப்பார், சித்தப்பா சாதிப் பெயரைச் சொல்லியிருப்பார். இப்படி ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதப் பெயர் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கடற்படை பெயருக்கும் பிறந்த தேதிக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான் பார்க்கும். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்ப இப்போதே திருத்திக்கொள். ரயில் டிக்கெட் எடுத்த பிறகு ஓடாதே. மூலச் சான்றிதழ்கள் ஒரு உறையில், நகல்கள் வேறு உறையில். இரண்டையும் பிளாஸ்டிக்கில் சுற்று. சில்கா ஏரிக்கரை ஊர், ஈரம் எதையும் விட்டுவைக்காது.

செல்போன்?

பயிற்சிக் காலத்தில் அது உன் கையில் இருக்காது என்று நினைத்துக்கொண்டே கிளம்பு. அம்மாவின் எண் மனப்பாடமாகத் தெரியுமா? தெரியாது. நோட்டில் எழுதி எடுத்துப் போ.

முறுக்கு, பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடலாமா தம்பி?

கொனார்க் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம் அம்மா, அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள். இறங்கும்போது டப்பா காலியாக இருக்கட்டும். தங்குமிடத்தில் எறும்பு வந்தால் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும்.

என் மகள் போகிறாள். சங்கிலி போட்டுவிடலாமா?

நகை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். அதற்குப் பதில் முதல் மாதத்துக்கு வேண்டிய நாப்கின்களை வைத்து அனுப்புங்கள். கவலை வேண்டாம், அவள் முதல் ஆள் இல்லை. 2023 மார்ச்சில் பயிற்சி முடித்த முதல் அக்னிவீர் அணியிலேயே 273 பெண்கள் இருந்தார்கள்.

கையில் பச்சை குத்தியிருக்கிறேன்...

வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வர முடியாத சாமான் அது ஒன்றுதான்! முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ இருந்தால் தவறில்லை. பழங்குடியினருக்குத் தனி விதி உண்டு. வேறு இடத்தில் இருந்தால் சிக்கல்தான். இறுதி மருத்துவப் பரிசோதனை சில்காவில் நடக்கும். அதற்கு முன் காதுக் குறும்பியையும் பல் காரையையும் இங்கேயே சுத்தம் செய்துகொண்டு போ. ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை.

பாட்டி பிள்ளையார் படம் தருகிறார். எடுத்துப் போகலாமா?

சட்டைப்பையில் அடங்குமா? அடங்கினால் வரட்டும். கண்ணாடிச் சட்டத்தோடு வேண்டாம் என்று பாட்டியிடம் நீயே சொல்லிவிடு, என்னால் ஆகாது.