ஆளில்லாத மலையில் ஆடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் வடமேற்கில் பிரஸ்டனில் வசிக்கிறோம். வீட்டில் நான்கு வயது லாப்ரடார் இருக்கிறது; 28 கிலோ, நல்ல திடம். அக்டோபர் கடைசி வாரப் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அதோடு மலையேற ஆசை. லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் போனால் காரை நிறுத்தவே இடம் கிடைக்காது. அதற்குக் கிழக்கே இருக்கும் ஹவ்கில் ஃபெல்ஸில் ஆளரவமே இருக்காது என்கிறார்கள். செட்பர் ஊரிலிருந்து ஏறி, காஃப் உச்சியைத் தொட்டுவிட்டு அதே வழியில் திரும்பலாம் என்றிருக்கிறோம்.

நாயைக் கயிற்றில் பிடிப்பது மார்ச் முதல் ஜூலை வரைதான் கட்டாயம் என்று படித்தேன். அப்படியானால் அக்டோபரில், அதுவும் ஆளில்லாத மலையில், அவிழ்த்து விடலாம்தானே? எத்தனை மணிக்குக் கிளம்புவது? நாய்க்கென்று தனியாக என்ன கொண்டுபோக வேண்டும்? கடைசியாக ஒரு சின்னக் கேள்வி: அந்தப் பக்கத்துக் கெண்டல் மின்ட் கேக்கில் நாய்க்கும் ஒரு துண்டு கொடுக்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

அவிழ்க்காதீர்கள். காரிலிருந்து இறங்கியது முதல் திரும்பி ஏறும்வரை கயிறு உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் படித்தது சட்டத்தின் பாதி. 2000-ம் ஆண்டுச் சட்டம் திறந்த மலைகளில் எல்லோரும் நடக்க உரிமை கொடுத்தபோது நாய்க்கு இரண்டு நிபந்தனைகள் வைத்தது. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, தரையில் கூடுகட்டும் பறவைகளுக்காக, 2 மீட்டருக்கு மிகாத கயிறு. கால்நடைகளுக்கு அருகில் என்றால் ஆண்டு முழுவதும் அதே 2 மீட்டர். ஹவ்கிலில் ஆடு இல்லாத சரிவு என்று ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆக, சட்டம் சுற்றிவளைத்துச் சொல்வதும் நான் நேராகச் சொல்வதும் ஒன்றுதான்.

ஆனால் சட்டத்தைவிட அந்தப் பருவத்தில் மலையில் என்ன நடக்கிறது என்பது முக்கியம். 'ஃபெல்' பழைய நார்ஸ் மொழியில் மலையைக் குறித்த சொல். இன்று அந்த ஊர்க்காரர்களுக்கு அது மேய்ச்சல் மலை. நம் திணைக் கணக்கில் நிலத்தால் குறிஞ்சி, பிழைப்பால் முல்லை. ஹவ்கிலின் உச்சிப் பகுதியில் கல்சுவர்கள் கிடையாது. பிறகு ஒவ்வொரு பண்ணையின் ஆடும் தன் எல்லைக்குள் எப்படி நிற்கிறது? தாயாடு மேயும் இடத்தைக் குட்டி பார்த்துப் பழகுகிறது. அது தாயாகும்போது தன் குட்டிக்குப் பழக்குகிறது. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் இந்தப் பழக்கம்தான் அங்கே வேலி. நாய் ஒரு மந்தையை விரட்டி முகட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டால், கடி ஒன்றும் படாவிட்டாலும், அடுத்தவர் மேய்ச்சலில் கலந்துபோன ஆடுகளைப் பிரித்துக்கொண்டுவர மேய்ப்பருக்கு ஒரு பகல் போய்விடும்.

அக்டோபரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஆடுகளை மலையிலிருந்து இறக்கிச் சந்தைக்கும் மருந்துக் குளியலுக்கும் பிரிப்பது, நவம்பர் தொடக்கத்தில் கிடாக்களைச் சேர்ப்பது என்று மேய்ப்பர்களுக்கு ஓயாத வேலை. செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள். நவம்பர் 5 அன்று கிடா சேர்ந்தால் ஏப்ரல் முதல் நாள் குட்டி விழும். மலையில் புல் தளிர்ப்பதும் அதையொட்டித்தான். கிடாவின் நெஞ்சில் வண்ணக் குழம்பு பூசி விடுவார்கள். அது ஏறிய பெட்டையின் பின்புறத்தில் நிறம் ஒட்டும். சில நாளுக்கொருமுறை நிறத்தை மாற்றினால் எது எப்போது ஈனும் என்று கணக்கு வைக்கலாம். விலாவில் தெரிவது வேறு, அது பண்ணையின் உரிமைக் குறி. பின்புறத்தில் புதுச் சிவப்போ நீலமோ தெரிந்தால் கிடா வேலையில் இருக்கிறது என்று பொருள். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போங்கள்.

'என் நாய் யாரையும் கடிக்காது' என்பது இங்கே எடுபடாது. 1953-ம் ஆண்டுச் சட்டப்படி விரட்டுவதே குற்றம். ஆடுகளைத் துரத்தும் நாயைத் தடுக்க வேறு வழியில்லாத நிலையில் பண்ணைக்காரர் சுட்டுவிட்டால், 1971-ம் ஆண்டுச் சட்டம் அவருக்கு இழப்பீட்டு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. லாப்ரடார் கூப்பிட்டால் வரும் நாய்தான், பூங்காவில். காய்ந்து பழுத்த பிராக்கன் பெரணிப் புதருக்குள்ளிருந்து ஓர் ஆடு காலடியில் திடீரென்று எழுந்து ஓடும்போது எது ஜெயிக்கும் என்று பந்தயம் கட்ட வேண்டாம். நாய் அவிழ்ந்து ஓடியே ஆகவேண்டும் என்றால் முந்தின நாள் வேலியடைத்த நாய் மைதானம் ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓடவிடுங்கள். ஒரு லாப்ரடாருக்கு மலை நாளைவிட அது பெரிய சந்தோஷமாகக்கூட இருக்கும்.

கயிறு 2 மீட்டர் நீளமுள்ள பட்டை நாடாவாக இருக்கட்டும். இழுத்தால் நீளும் சுருள்கயிறு மலைக்கு உதவாது: சேறு புகுந்தால் பூட்டு பிடிக்காது, மெல்லிய நூல் கால் சதையை அறுக்கும். கழுத்துப்பட்டிக்குப் பதில், முதுகில் கைப்பிடி வைத்த மார்ப்பட்டை போடுங்கள். வேலியைத் தாண்டும் படிகளில் தூக்கிவிடவும், வழுக்கும்போது பிடித்து நிறுத்தவும் அந்தப் பிடிதான் வேண்டும். கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடப்பது ஏற்றத்தில் சுகம். இறக்கத்தில் கட்டாயம் கழற்றிக் கையில் பிடியுங்கள். 28 கிலோ ஒருமுறை வெட்டி இழுத்தால் போதும், ஈரப்புல்லில் நீங்கள் கீழே. ஹவ்கிலில் பாறை குறைவு, புல் அதிகம். அதனால் ஆபத்தில்லை என்று நினைக்கத் தோன்றும். அந்த வழுக்கும் புல்தான் அங்கே ஆபத்து. ஆழமான பல் உள்ள பூட்ஸ் இல்லாமல் ஏறாதீர்கள்.

வழிக்கு வருவோம். செட்பரிலிருந்து ஹவ்கில் லேன் வழியாக லாக்பேங்க் பண்ணை வரை சாலை. அதைத் தாண்டிக் கதவைத் திறந்தால் திறந்த மலை. கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். நேரே செங்குத்தாக விண்டர், 473 மீட்டர். அன்றைய கஷ்டத்தில் பாதி இந்த முதல் ஏற்றத்திலேயே முடிந்துவிடும். பிறகு முகட்டோடு ஆரன்ட் ஹா, 605 மீட்டர். பாதை அதன் உச்சியைத் தொடாமல் ஓரமாகப் போகிறது. ஒடுங்கிய ஒரு முகட்டைக் கடந்து வேலியை ஒட்டி ஏறினால் கால்டர்ஸ், 674. அங்கிருந்து பிராம் ரிக் டாப் வழியாக ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடந்தால் காஃப், 676. இரண்டு மீட்டர் வித்தியாசத்தில் இதுதான் அந்த மலைத்தொகுதியின் உச்சி. அங்கே நில அளவைத் தூண் நிற்கும்.

போக வர சுமார் 16 கிலோமீட்டர், ஏற்றம் மொத்தம் 800 மீட்டர் அளவில். 1892-ல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்த கணக்கு இன்றும் செல்லும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூடுதல். உங்களுக்கு நாலரை மணி நேரம் வருகிறது. அது நிற்காமல் நடப்பவர் கணக்கு. சாப்பாடு, நாய்க்குத் தண்ணீர், ஆடுகளைச் சுற்றிப் போவது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் வையுங்கள். காலை 9 மணிக்கு நடக்கத் தொடங்கினால் மாலை 3 மணிக்கு ஊருக்குள் இருப்பீர்கள்.

எந்த நாள் என்பதையும் பாருங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். சனிக்கிழமை சுமார் 5:45-க்கு மறைந்த சூரியன் மறுநாள் 4:45-க்கே மறையும். வருடா வருடம் மலையில் இருட்டில் மாட்டிக்கொள்பவர்கள் இந்த ஒரு மணி நேரத்தைத்தான் மறந்திருப்பார்கள். பகல் 12:30-க்குக் கால்டர்ஸை எட்டவில்லை என்றால் எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்தே திரும்புங்கள். காஃப் எங்கும் போய்விடாது. நெற்றி விளக்கு பையில் இருக்கட்டும், ஆளுக்கொன்று. நாய்க்கு ஒளிரும் கழுத்துப்பட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கும்.

இருட்டைவிட மேகம் மோசம். ஹவ்கில் முகடுகள் எல்லாம் யானை முதுகு போல உருண்டையாக, ஒன்றைப் போலவே இன்னொன்று. காஃபிலிருந்து திரும்பும்போது ஏறக்குறைய நேர் தெற்கே வர வேண்டும். கொஞ்சம் மேற்கே விலகினால் பாதை போலவே தோன்றும் புல்முகடுகள் உங்களை லூன் ஆற்றுப் பக்கம் இறக்கிவிடும். உயிருக்கு ஒன்றுமில்லை, சாலையில் பல மைல் நடக்க வேண்டிவரும். கிழக்கே விலகினால் காட்லி கிராக். அந்தப் பாறை விளிம்பு மேகத்தில் முன்கூட்டியே தெரியாது. அதன் பக்கத்தில் காட்லி ஸ்பௌட் அருவி ஏறக்குறைய 200 மீட்டருக்குப் படிப்படியாக விழுகிறது. அதையும் பார்த்துவிட்டு வரலாம் என்று அந்தப் பக்கம் இறங்கச் சொல்பவர்கள் உண்டு. நாயோடு, ஈரமான இலையுதிர் நாளில், முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். அருவியை இன்னொரு நாள் கீழிருந்து பாருங்கள்.

ஓஎல்19 எண்ணுள்ள 1:25,000 வரைபடமும் திசைகாட்டியும் கொண்டுபோங்கள். இன்றைக்கு அந்தப் பகுதியில் காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் வேறுபாடு மிகச் சிறியது, கழித்துக் கூட்டும் வேலை இல்லை. திசைகாட்டியைக் கைபேசி இருக்கும் அதே பையில் வைக்காதீர்கள். பேசியில் உள்ள காந்தம் முள்ளைத் தலைகீழாகவே திருப்பிவிடும். கால்டர்ஸை வந்தடைந்துவிட்டால் கீழே இறங்க வேலி துணைக்கு வரும்.

குளிர்: ஊரில் 10 டிகிரி என்றால் உச்சியில் 6 டிகிரி. மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது 0 போலத்தான். ஒதுங்க மரமோ சுவரோ இல்லை. லாப்ரடாரின் ரோமம் நடக்கும்வரை தாங்கும். ஓடையில் நனைந்த பின் உச்சியில் அரைமணி உட்கார்ந்தால் நடுங்கத் தொடங்கும். நாய் நடுங்கினால் சாப்பாட்டை மூடிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

நாயின் பைக்கு: ஒரு லிட்டர் தண்ணீர், ஏனென்றால் முகட்டில் ஓடை கிடையாது. மடிக்கும் கிண்ணம், துவாலை, மாற்றுக் கயிறு, உண்ணி எடுக்கும் கொக்கி, காயத்துணி, தன்மேல் தானே ஒட்டும் கட்டுத்துணி. காலையில் வழக்கமான சாப்பாட்டில் பாதியைக் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கொடுங்கள். வயிறு நிறைய உண்ட பெரிய நாய் ஓடினால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அப்படி ஆனால் அறுவை சிகிச்சைதான். மலைமேல் அதற்கு வழியில்லை. பாதம் கிழிந்தால் கழுவி, விரல்களுக்கிடையே பஞ்சு வைத்து, மேலே கட்டுத்துணியை இழுக்காமல் சுற்றுங்கள். இறுக்கினால் பாதம் வீங்கும். நடக்கவே முடியாமல் போனால் 28 கிலோவை ஒருவர் தோளில் சுமந்து விண்டர் சரிவில் இறங்குவது நடக்காத காரியம். நாயைத் தூக்கும் மடிப்புத் தூளி சில நூறு கிராம்தான். இருவர் இருந்தால் மாற்றி மாற்றிச் சுமக்கலாம்.

மனிதருக்கே ஆபத்து என்றால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். சிக்னல் பலவீனமான இடங்களில் குறுஞ்செய்தி போய்ச்சேரும். அதற்கு வீட்டிலிருக்கும்போதே 999-க்கு 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்பிப் பதிந்துகொள்ள வேண்டும். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு.

அடிவாரத்து வயல்களில் கன்றோடு மாடுகள் நின்றால் ஓரமாகப் போங்கள். அவை நாயைக் குறிவைத்துத் துரத்தி வந்தால், அன்று முழுவதிலும் கயிற்றை விடவேண்டிய ஒரே தருணம் அதுதான். நாய் தப்பிவிடும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் மிதிபடுவார். மேலே சுற்றும் ஃபெல் போனிக் குதிரைகளுக்குத் தீனி நீட்ட வேண்டாம். நாயின் மலத்தைப் பையில் எடுத்துக் கீழே கொண்டுவாருங்கள். அதிலிருந்து பரவும் ஒட்டுண்ணிகளில் ஒன்று மாடுகளுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும், இன்னொன்று ஆட்டிறைச்சியில் கட்டிகளாகத் தங்கும். செத்த ஆட்டை மோந்து பார்க்கக்கூட விடாதீர்கள்.

அமைதியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது முக்கால்வாசி சரி. மேற்கு விளிம்பில் லூன் பள்ளத்தாக்கு வழியாக எம்6 நெடுஞ்சாலையும் லண்டன்–கிளாஸ்கோ ரயில்பாதையும் போகின்றன. மேற்கிலிருந்து காற்றடித்தால் அந்த இரைச்சல் முகடுவரை ஏறிவரும். ஆரன்ட் ஹாவைத் தாண்டினால் குறையும். அக்டோபரில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் ஃபீல்ட்ஃபேர் பறவைக் கூட்டங்கள் அடிவாரத்து ஹாதார்ன் பழங்களுக்கு இறங்கியிருக்கும். மேலே அண்டங்காக்கை ஒன்றிரண்டு.

திரும்பியதும் காரில் ஏற்றுமுன் உண்ணி பாருங்கள்: காது மடிப்பு, அக்குள், விரலிடுக்கு, கண்ணிமை. அது வசந்தத்திலும் இலையுதிரிலும்தான் அதிகம், பிராக்கனில் காத்திருக்கும், லைம் நோயைக் கொண்டுவரும். கொக்கியைத் தோலோடு ஒட்டி நுழைத்துத் திருகி எடுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்புக்குச்சி காட்டுவது எல்லாம் வேண்டாம். தொந்தரவுபட்ட உண்ணி வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். உங்கள் கால்களையும் பாருங்கள்.

மின்ட் கேக் கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரை, கொஞ்சம் புதினா எண்ணெய். வெறும் துண்டு ஒன்றை நாய் திருடித் தின்றால் பதற வேண்டியதில்லை, ஆனால் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சாக்லேட் பூசிய வகையை நாய் எட்டாத பையில் வையுங்கள். உலர்திராட்சை போட்ட ஓட்ஸ் வில்லைகளும் அந்தப் பையிலேயே போகட்டும், அவை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அதற்கு அதன் பிஸ்கட்டே போதும்.