சரீரம் உயிர்த்தெழுதல்: கேள்வி பதில்

கேள்வி: செத்தவுடன் ஆத்துமா பரலோகம் போய்விடுகிறதே, அப்புறம் உடல் எதற்கு ஐயா?

பதில்: அடக்க ஆராதனைகளில் நாம் பேசுவதைக் கேட்டால் ஆத்துமா மேலே போவதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆராதனையில் நாம் அறிக்கையிடும் நம்பிக்கைச் சுருக்கமான விசுவாசப் பிரமாணம் அதோடு நிற்கவில்லை. ‘சரீரம் உயிர்த்தெழுதலும்’ என்று தனியாகவே அறிக்கையிடுகிறது. மரித்தோர் எழுவதில்லை என்றால் கிறிஸ்துவும் எழவில்லை என்று 1 கொரிந்தியர் 15-ல் பவுல் மல்லுக்கு நிற்கிறார். அந்த அதிகாரத்துக்கு விளக்கம் எழுதிய இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், ‘என் ஆத்துமா நான் அல்ல’ என்றே சொல்லிவிட்டார். ஆத்துமா மட்டும் தப்பினால் நான் தப்பியதாகாது.

லூக்கா 24-ஐ நிதானமாகப் படியுங்கள். உயிர்த்தெழுந்த இயேசு வந்து நிற்க, ஆவியைக் கண்டதாகச் சீஷர்கள் நடுங்குகிறார்கள். இயேசு கைகால்களைக் காட்டி, தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். அப்போதும் அவர்களுக்கு நம்ப முடியவில்லை. சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, பொரித்த மீன்துண்டை வாங்கி அவர்கள் கண்ணெதிரே சாப்பிடுகிறார்.

கேள்வி: இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய லாசருவும் இப்படித்தானே எழுந்தான்?

பதில்: இல்லை. அவன் திரும்பி வந்தது பழைய, சாகிற வாழ்வுக்கு. இங்கே பேசுவது அழியாத சரீரம். மறுபிறவியோடும் இதைக் குழப்பாதீர்கள்.

கேள்வி: உடலை எரித்துவிட்டால்?

பதில்: கி.பி. 177-ல் இன்றைய பிரான்சின் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்களுக்கும் இதே எண்ணம்தான். உயிர்த்தெழும் நம்பிக்கையே இருக்கக் கூடாதென்று உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ் காத்துவைத்த அந்தச் சபையின் கடிதத்தில், உடல்களை அடக்கம் செய்ய முடியவில்லையே என்ற துயரம் இருக்கிறது; உயிர்த்தெழுதல் இனி இல்லை என்ற பயம் இல்லை. மண்ணில் புதைத்த உடலும் மக்கித்தான் போகிறது. எலும்பு மிச்சமிருந்தால்தான் கடவுளால் முடியும் என்பது விசுவாசமே அல்ல.

அதே நபர்: பூசி மெழுகாதீர்கள். அப்படியானால் கத்தோலிக்கத் திருச்சபை ஏன் 1886-ல் தகனத்தைத் தடைசெய்தது?

பதில்: நல்ல பிடி! நெருப்புக்குப் பயந்து அல்ல. அன்று ஐரோப்பாவில் தகனத்துக்காகக் கொடி பிடித்தவர்களில் பலர் திருச்சபையின் எதிரிகள். உயிர்த்தெழுதலை மறுக்க அதை அடையாளமாக்கினார்கள். அந்த வேகம் தணிந்தபின் 1963-ல் தடை நீங்கியது. ஆனாலும் அடக்கமே சிறந்தது என்கிறார்கள். சாம்பலைத் தூவக் கூடாது என்று 2016-ல் மறுபடியும் சொன்னார்கள். ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றும் பொதுவாகத் தகனத்தை ஏற்பதில்லை. உடலுக்குக் காட்டும் மரியாதை வேறு, கடவுளின் வல்லமைக்கு எல்லை போடுவது வேறு. முதலாவதை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: கடலில் மூழ்கியவர்கள்?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: மிருகம் தின்றுவிட்டால்?

பதில்: மேலேயே இருக்கிறது ஐயா. மனிதனை மனிதன் தின்றால் அந்தச் சதை யாருக்கு என்று கேட்டிருந்தால் சுவையாக இருந்திருக்கும். முதலில் யாருடையதோ அவருக்கே என்றார் ஆதித் திருச்சபையின் ஆயர் அகஸ்டின்.

கேள்வி: எந்த வருஷம் நடக்கும்?

பதில்: அந்த நாள் பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்கிறது மாற்கு 13:32. தேதி சொல்கிறவருக்குக் காணிக்கை போடாதீர்கள்.

கேள்வி: என் மனைவி என்னை அடையாளம் கண்டுகொள்வாளா?

பதில்: கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாள் உயிர்த்தெழுந்த இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள், பெயர் சொல்லி அழைத்ததும் தெரிந்துகொண்டாள். திருமண உறவு அப்படியே தொடராது என்கிறது மத்தேயு 22:30. ஆனால் ஒருவரையொருவர் மறந்துபோவோம் என்று அங்கே இல்லை.

கேள்வி: குழந்தையாக இறந்தவர்கள் குழந்தையாகவே எழுவார்களா?

பதில்: வேதத்தில் பதில் இல்லை. எல்லாரும் முப்பது வயதை ஒட்டிய முழு வளர்ச்சியோடு எழுவார்கள் என்பது அகஸ்டினின் ஊகம். எனக்கு அந்த ஊகம் பிடிக்கும், பிரசங்கத்தில் மட்டும் சொல்ல மாட்டேன்.