அட்டிகஸ் ஃபிஞ்சை இனியும் நாயகனாக மதிக்கலாமா?

நீங்கள் 2015-இல் வந்த, ஹார்ப்பர் லீயின் 'கோ செட் எ வாட்ச்மேன்' நாவலைப் படித்துவிட்டு மனசு நொந்து போய்த்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சிறுமியாக இருந்தபோது, பொய்க் குற்றச்சாட்டில் சிக்கிய கறுப்பினத்தவர் டாம் ராபின்சனுக்காக வக்கீலான அப்பா அட்டிகஸ் வாதாடிய வழக்கை நீதிமன்றத்தின் எந்த மேல்மாடத்தில் உட்கார்ந்து பார்த்தாளோ, அதே மேல்மாடத்திலிருந்து, கறுப்பினத்தவரின் உரிமைகளுக்கு எதிராகக் கூடிய வெள்ளையர் கூட்டத்தில் அப்பா உட்கார்ந்திருப்பதை மகள் ஸ்கவுட் பார்க்கிறாள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வழக்கு வருகிற, லீ எழுதி 1960-இல் வந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலிலேயே இந்த அட்டிகஸ் இருக்கிறார். நாம் கவனித்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். வகுப்பில் 15-ஆம் அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தோம். கறுப்பினத்தவரை மிரட்டிய வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் பற்றி அட்டிகஸ் பிள்ளைகளிடம் சொல்கிற இடம். அது பெரும்பாலும் ஓர் அரசியல் அமைப்புதான், பயமுறுத்த ஆளே கிடைக்கவில்லை, சாம் லெவி வீட்டு வாசலுக்குப் போனவர்களை அவரே வெட்கப்பட வைத்து அனுப்பிவிட்டார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "மேடம், யாருமே பயப்படலைன்னு இவர் எப்படிச் சொல்றார்? கல்பூர்ணியாகிட்ட கேட்டாரா?" என்றாள். கல்பூர்ணியா அந்த வீட்டிலேயே சமைத்துப் பிள்ளைகளை வளர்க்கும் கறுப்பினப் பெண். அவரிடம் அந்தக் கேள்வியை நாவலில் யாருமே கேட்பதில்லை. அன்று முழுக்க அந்தப் பத்தியைத் தாண்டவே முடியவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்து, நாவல் நடக்கும் அலபாமா மாநிலத்தில் 1926-இல் கிளான் ஆதரவோடுதான் பிப் கிரேவ்ஸ் ஆளுநராக ஜெயித்தார் என்பதை மறுநாள் வகுப்பில் சொன்னேன். அந்தப் பெண்ணை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது.

அவளே பிறகு இன்னோர் இடத்தையும் காட்டினாள். சிறையிலிருந்து தப்ப முயன்ற டாம் மேல் 17 குண்டுகள் பாய்ந்திருக்கின்றன. செய்தியைச் சொல்ல அட்டிகஸ் கல்பூர்ணியாவையும் கூட்டிக்கொண்டு போகிறார். டாமின் மனைவி ஹெலன் அப்படியே தரையில் விழுகிறாள், ஆனால் முதலில் வணக்கம் சொல்லி உட்காரச் சொன்னதைத் தவிர அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட நமக்குக் கிடைப்பதில்லை. அந்தக் காட்சி ஸ்கவுட்டின் நண்பன் டில் பார்த்து, ஸ்கவுட்டிடம் சொல்லி, அப்புறம்தான் நமக்கு வருகிறது.

"அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலில் அளக்கிறீர்களே" என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். சரி, அந்தக் காலத்து ஆளையே எடுத்துக்கொள்வோம். நாவல் நடக்கும் அதே வருடங்களில், அதே அலபாமாவில், கறுப்பின இளைஞர்கள் ஒன்பது பேர் மேல் பொய்யாகப் பாலியல் வன்கொடுமைக் குற்றம் சாட்டிய ஸ்காட்ஸ்பரோ வழக்கில் வெள்ளை ஜூரி கொடுத்த தீர்ப்பை 1933-இல் ரத்து செய்தவர் ஜேம்ஸ் ஹார்ட்டன் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அடுத்த வருடத் தேர்தலில் பதவியை இழந்தார். ஆக, அந்தக் காலத்திலும் வேறு மாதிரி நடந்துகொள்ள முடிந்திருக்கிறது. இதற்காக அட்டிகஸைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று தயவுசெய்து திரிக்காதீர்கள். சிறை வாசலில் தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கொலைவெறிக் கும்பலை எதிர்கொண்ட மனிதர் அவர், அந்தப் பக்கங்களை நான் இன்றும் குரல் தடுமாறாமல் வாசித்ததில்லை.

எனக்குக் கோபமெல்லாம் கைடுகள் மேல்தான். 'அட்டிகஸ்: வீரர், நேர்மையாளர், இனவெறி அற்றவர்' என்று மூன்று வரி, அதை அப்படியே எழுதினால் மார்க், அந்த மாணவி மாதிரி யோசித்து எழுதினால் திருத்துகிறவருக்குப் படிக்கவே பொறுமை கிடையாது. அவரை மட்டும் சொல்லி என்ன, கட்டுக்கட்டாகப் பேப்பரைக் கொடுத்து ஒரே நாளில் முடி என்கிறார்கள். எங்களைப் போன்ற கௌரவ விரிவுரையாளர்களுக்கு மே மாதச் சம்பளமும் கிடையாது, மற்ற மாதங்களிலும் எப்போது வரும் என்று தெரியாது. புது நாவலை வாங்கிப் படித்துப் பாடம் நடத்து என்றால் எந்தக் காசில் வாங்குவது?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மதியுங்கள், நல்ல வக்கீலாக. அந்த ஊரில் கறுப்பின மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு மட்டும் அவரைச் சாட்சியாக எடுக்காதீர்கள். ஸ்கவுட்டும் அவள் அண்ணன் ஜெம்மும் கல்பூர்ணியாவோடு அவருடைய தேவாலயத்துக்குப் போகிற 12-ஆம் அத்தியாயத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஏன் இங்கே கூட்டி வந்தாய் என்று லூலா என்ற கறுப்பினப் பெண் கேட்கிற இடத்திலிருந்து.