மடக்குக் கத்தியா, உறைக் கத்தியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருவையாற்றுப் பக்கம் பூவன் வாழை வைத்து, இலை அறுத்துக் கட்டி அனுப்புகிறேன். நார் கிழிப்பது, பக்கக் கன்று நீக்குவது, உர மூட்டையின் தையலைப் பிரிப்பது என எல்லாவற்றுக்கும் கொல்லர் பட்டறையில் அடித்து வாங்கிய சிறு கத்தியைத்தான் உறையில் செருகி வைத்திருக்கிறேன். வெளியூரில் இருக்கும் மகன் இப்போது ஒரு மடக்குக் கத்தி வாங்கி அனுப்பியிருக்கிறான். சட்டைப் பையில் அடங்குகிறது. இனி இதையே வைத்துக்கொள்ளலாமா? – ஒரு விவசாயி

பதில்: கொல்லையில் உறைக் கத்தியே இருக்கட்டும். மகன் அனுப்பியதை வீட்டிலும் கடைத்தெருவிலும் பயன்படுத்துங்கள்.

மடக்குக் கத்தி வலுவற்றது என்பதால் இதைச் சொல்லவில்லை. அலகு பிடியோடு சேரும் மூட்டுதான் அதன் வசதிக்கும் காரணம், தொல்லைக்கும் காரணம். பழம் நறுக்கும்போதோ கயிறு அறுக்கும்போதோ நாம் கொடுக்கும் அழுத்தம் அலகை மேலும் திறக்கும் பக்கமாகவே செல்வதால் ஆபத்து இல்லை. ஆனால் கன்றின் அடியில் சிக்கிக்கொண்ட கத்தியை ஆட்டி இழுக்கும்போதும், நுனியால் குத்தித் துளைக்கும்போதும் விசை எதிர்ப்பக்கமாகத் திரும்பி, அலகை விரல்களின் மேல் மடக்கப் பார்க்கும். வெறும் வில்லின் (ஸ்பிரிங்) அழுத்தத்தால் நிற்கும் பேனாக்கத்தி வகை இதைத் தாங்காது. உங்கள் கத்தியைத் திறந்ததும் பிடிக்குள் இருந்து ஒரு தகடு நகர்ந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கிறதா, அல்லது முதுகுப் பக்கத்தில் ஒரு கொக்கி பள்ளத்தில் விழுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அதில் அலகை மடங்காமல் நிறுத்தும் பூட்டு இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். பிரான்ஸில் செய்யப்படும் ஓப்பினெல் கத்தியில் 1955 முதல் கழுத்தைச் சுற்றித் திருகும் ஒரு வளையமே பூட்டாக இருக்கிறது. எளிமையான, நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் மரப்பிடி ஈரத்தில் உப்பி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதால், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நம் ஊரில் அதைத் திறப்பதே ஒரு வேலையாகிவிடும்.

பூட்டு நன்றாக இருந்தாலும் வாழைக்கறையும் வண்டலும் மூட்டுக்குள் புகாமல் இருக்கப்போவதில்லை. கறை உலர்ந்து பிசினாகி, அதில் மண் ஒட்டிக்கொண்டால், பூட்டு முழுவதும் விழாமலேயே விழுந்ததுபோல் தோன்றும். பூட்டே இல்லாத கத்தியைவிட இது மோசம். ஏனென்றால், இல்லாத பூட்டை யாரும் நம்புவதில்லை. வாழைக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாக்டீரியாவால் வரும் சில வாடல் நோய்கள் வெட்டும் கருவியில் ஒட்டிய சாற்றின் வழியாகவும் ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவக்கூடியவை. உறைக் கத்தியை அங்கேயே கழுவி, கிருமிநாசினியில் தோய்த்துவிடலாம். மடக்குக் கத்தியின் பிடிக்குள் தங்கிய சாற்றை என்ன செய்வீர்கள்?

உறைக் கத்திக்கும் குறைகள் உண்டு. லாரியின் வில்பட்டையில் (ஸ்பிரிங் பட்டையில்) அடித்த கத்தி நன்றாகக் கூர் பிடிக்கும். ஆனால் வாழைக்கறை பட்டால் கறுக்கும். ஈரத்தோடு தோல் உறையில் செருகினால் ஓரிரவிலேயே துரு ஏறத் தொடங்கும். துருப்பிடிக்காத எஃகு வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் அவற்றில் பலவற்றைச் சாணைக்கல்லில் தீட்டக் கூடுதல் பொறுமை வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் போலக் கடற்காற்று அடிக்கும் ஊராக இருந்தால் நான் தயங்காமல் துருப்பிடிக்காததையே சொல்வேன். திருவையாற்றில், துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவருக்குப் பட்டறைக் கத்தியே போதும். புதிதாக அடிக்கச் சொல்லும்போது, அலகின் இரும்பு பிடிக்குள் பாதியோடு நின்றுவிடாமல் கடைசிவரை ஓடும்படி செய்து, குறுக்கே ஆணி அடித்துத் தரச் சொல்லுங்கள். அலகு நான்கு அங்குலத்துக்கு மேல் வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்ட வேலைக்கு வீட்டில் அரிவாள் இருக்கிறது. இருசக்கர வண்டியில் போகும்போது இடுப்பில் செருகாமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தால் உறையையும் துளைத்துக்கொண்டு வரும்.

கேள்வி: கும்பகோணத்திலிருந்து அடிக்கடி ரயிலில் போகிறேன். பழம் நறுக்க எதை வைத்துக்கொள்வது? சட்டச் சிக்கல் வருமா? – ஒரு வாசகி

பதில்: இதற்கு மடக்குக் கத்திதான் சரி. மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட அலகு, பூட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டுக்கோ விவசாயத்துக்கோ மட்டும் என்று செய்யப்பட்ட பொருள்களை ஆயுதமாகக் கொள்வதில்லை. அச்சட்டத்தின் கீழ் வந்த விதிகள், அத்தகைய பயன்பாட்டுக்காகச் செய்யப்படாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளையே குறிப்பிடுகின்றன. ஆனாலும் பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் பட்டன் கத்தியை வாங்காதீர்கள். பழம் நறுக்கத்தான் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் எந்தக் காவலரும் நம்பமாட்டார். திருச்சியில் விமானம் ஏறுவதாக இருந்தால் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. ஏற்றி அனுப்பும் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: மடக்குக் கத்தி இறுகிப்போய்விட்டது. நல்லெண்ணெய் விடலாமா? – மன்னார்குடி வாசகர்

பதில்: வேண்டாம், அது நாளடைவில் பிசுபிசுத்து இன்னும் இறுகும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கியால் மூட்டைத் தேய்த்து, நன்றாக உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.