'க்ளோஸ் டு தி எட்ஜ்': உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1972 ஆல்பம் இது. மொத்தமே மூன்று பாட்டுதானா?

பதில்: ஆமாம். தலைப்புப் பாட்டு மட்டும் 18 நிமிடத்துக்கு மேல். எல்பி இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க அதுதான். 'அண்ட் யூ அண்ட் ஐ', 'சைபீரியன் கட்ரூ' இரண்டும் மறுபக்கம்.

கேள்வி: தலைப்புப் பாட்டில் நான்கு பகுதிகள், தனித்தனிப் பெயர்கள். நாலு பாட்டை ஒட்டவைத்து ஒன்று என்கிறார்களோ?

பதில்: சந்தேகம் நியாயம்தான். ஒலிப்பதிவே அப்படித்தான் நடந்தது: லண்டன் அட்விஷன் ஸ்டுடியோவில் துண்டு துண்டாக வாசித்தார்கள், ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்டு டேப்பை வெட்டி ஒட்டினார். ஆனால் ஒட்டு காதில் விழுகிறதா என்பதுதான் கேள்வி. முதல் பகுதியின் மெட்டு இரண்டாவதிலும் வருகிறது, அடியில் ஓடும் பேஸும் டிரம்ஸும்தான் வேறு. 'ஐ கெட் அப், ஐ கெட் டவுன்' என்ற துணுக்கைக் கவனியுங்கள். முதலில் சரணத்தின் வாலாக வந்து போகும். எட்டரை நிமிடத்துக்கு மேல் தாளமெல்லாம் அடங்கியதும் அதுவே ஒரு தனிப் பகுதியாக விரிகிறது. கடைசியில் பழைய மெட்டு திரும்பும்போது, நடுவில் கேட்டதன் கனமும் அதோடு சேர்ந்து வருகிறது. நீண்ட பாட்டை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான். திரும்பி வருவது வந்தபடியே வந்தால் அது வெறும் நீளம்.

கேள்வி: நடுவில் வரும் அந்தப் பிரம்மாண்டமான ஆர்கன் சிந்தசைசரா?

பதில்: இல்லை, நிஜ தேவாலய ஆர்கன். லண்டன் செயின்ட் கைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தில் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் வாசித்தது.

கேள்வி: ஆரம்பத்து இரைச்சலைத் தாண்டவே முடியவில்லை.

பதில்: பறவை, தண்ணீர்ச் சத்தம் முடிந்ததும் கிட்டாரும் பேஸும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், பாடல் வரிகள் தொடங்கவே கிட்டத்தட்ட நாலு நிமிடம். பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வரும் அமைதி எடுபடுவதே இந்தக் கலவரத்தால்தான். முடியவே இல்லையா, சரி, 'அண்ட் யூ அண்ட் ஐ'யில் தொடங்குங்கள்.

கேள்வி: பாடல் வரிகளுக்கு என்ன அர்த்தம்?

பதில்: ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவல்தான் தூண்டுதல், பாட்டில் வரும் நதி அங்கிருந்து வந்தது. மற்றபடி பாடகர் ஜான் ஆண்டர்சன் சொற்களை ஓசைக்காக அடுக்குகிறவர். வரிக்கு வரி பொழிப்புரை தேடினால் தலைவலிதான் மிச்சம்.

கேள்வி: அடுத்த ஸ்டுடியோ ஆல்பம் இதைவிடப் பெரிதாமே?

பதில்: 1973இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்'. இரட்டை எல்பி, பக்கத்துக்கு ஒரு பாட்டு. அழகான இடங்கள் உண்டு, ஆனால் பாதிக்குப் பாதி வெட்டியிருக்கலாம். டிரம்ஸும் முன்போல இல்லை. டிரம்மர் பில் புரூஃபோர்டு 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பதிவு முடிந்த கையோடு கிங் கிரிம்சன் என்ற வேறொரு குழுவுக்குப் போய்விட்டார்.