அம்மாவை நடக்க விடுங்கள்: முதியவர்கள் விழாமல் இருக்க ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் பதில்கள்

வணக்கம். வயதானவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. பத்தொன்பது வருடம் ஆகிறது. பெரியவர்கள் கீழே விழுவதைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலும் இடுப்பெலும்பு உடைந்து பிளேட் வைத்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். நீங்கள் முன்பே கேட்டிருக்கிறீர்கள், அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு மாதம் முன்பு பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறிவு இல்லை. அதிலிருந்து அவரைத் தனியாக எழுந்திருக்கவே விடுவதில்லை, சாப்பாடுகூடக் கட்டிலுக்கே கொண்டுபோகிறோம். சரிதானே மேடம்? (திருச்சியிலிருந்து மகள்)

உங்கள் பயம் புரிகிறது தங்கை. ஆனால் இது சரியில்லை. நல்ல உடல்நிலையில் இருந்த முதியவர்களைப் பத்து நாள் மட்டும் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்துபோனது. உங்கள் அம்மாவுக்கு இரண்டு மாதம். விழுந்ததால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அதற்குப் பிறகு படுத்தே இருப்பதுதான் அவரை அடுத்த விழுகைக்குத் தயார் செய்கிறது. பயத்தில் நடமாட்டம் குறையும், நடமாட்டம் குறைந்தால் கால் பலம் போகும், பலம் போனால் மறுபடி விழுவார். நான் போகிற வீடுகளில் பாதிக்குமேல் இதே கதைதான்.

இன்றைக்கே ஒன்று ஆரம்பியுங்கள். கை வைத்த மரநாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், நழுவும். அம்மாவை அதன் முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காரச் சொல்லுங்கள். பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். மூக்கு கால் விரல்களுக்கு நேரே வரும்வரை முன்னால் குனிந்து, அப்படியே எழ வேண்டும். உட்காரும்போது பொத்தென்று விழக்கூடாது, நான்கு எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்கட்டும். ஒரு தடவைக்கு ஐந்து முறை, நாளைக்கு மூன்று தடவை. நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். நீங்கள் தூக்கினால் வேலை செய்வது உங்கள் தசை, அம்மாவுடையது அல்ல.

எனக்கு 81. ஓய்வுபெற்ற ஆசிரியன். தடுமாற்றம் வயதின் கூறு, பயிற்சியால் மாறாது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? (கோவை)

உண்மை இல்லை ஐயா. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் முதியவர்களுக்கென்று ஒரு வீட்டுப் பயிற்சி முறையை உருவாக்கினார்கள். அதை முதலில் சோதித்துப் பார்த்தது யாரிடம் தெரியுமா? எண்பது வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம்! பயிற்சி செய்தவர்கள் விழுவது நன்றாகவே குறைந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2019இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து அலசி வெளியிட்ட அறிக்கையும், உடற்பயிற்சியால் விழுகைகள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைவதாகச் சொல்கிறது.

உடம்பு நிலையாக நிற்பதற்குக் கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு என்று மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது. வயதாக ஆக மூன்றுமே கொஞ்சம் மங்கும். இருப்பதை வைத்துச் சமாளிக்க மூளை பழகிக்கொள்ளும், அதற்கு வாய்ப்புக் கொடுத்தால்.

வாய்ப்பு என்றால் தள்ளாட்டம். இதைத்தான் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆடாமல் அசையாமல் நிற்க முடிகிற நிலையில் எவ்வளவு நேரம் நின்றாலும் பேலன்ஸ் வளராது. கொஞ்சம் ஆட வேண்டும், ஆடும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும்.

சமையல் மேடையைப் பார்த்து நில்லுங்கள். முதல் படி, இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துப் பத்து விநாடி. அது சுலபமாகிவிட்டால் ஒரு குதிகாலை மற்றக் காலின் பெருவிரல் பக்கத்தில் வைத்துப் பத்து விநாடி. அப்புறம் ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் இன்னொன்று, அடிப்பிரதட்சிணம் செய்வதுபோல. கடைசியாக ஒற்றைக் கால். மூன்றாவது படியில் பத்து விநாடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் அபாயம் அதிகம் என்று கணக்கிடுகிறோம்.

எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர் முதல் நாள் இதைச் செய்தபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து விரல்களும் மொசைக் தரையைக் கவ்விப் பிடித்தன. கணுக்கால் தசைநார்கள் வீணைக் கம்பி மாதிரி துடித்தன. மேடை விளிம்பைப் பிடித்த கை வெளுத்திருந்தது. மூன்று விநாடிதான். ஏழாவது வாரம் மேடையில் ஒரே ஒரு விரலை வைத்துக்கொண்டு பன்னிரண்டு விநாடி நின்றார், நடுவில் "அடுப்பில் பால் இருக்கு, பாரு" என்று மருமகளிடம் பேச்சு வேறு! பேசிக்கொண்டே நிலையாக நிற்பது சாதாரண விஷயம் இல்லை. நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் சட்டென்று நின்றுவிடுகிற பெரியவர்கள் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997இலேயே ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள்.

தினமும் அரை மணி நேரம் பார்க்கில் நடக்கிறேன். போதாதா?

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, விடாதீர்கள். ஆனால் நடை மட்டும் விழுவதைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை. மேலே சொன்ன பேலன்ஸ் பயிற்சியையும் நாற்காலிப் பயிற்சியையும் வாரம் மூன்று நாளாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தடுமாறுகிறவர் என்றால் முதலில் இவை, அப்புறம் நடை.

அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்கிறார். ஒருமுறை கதவில் மோதிக்கொண்டார். (தஞ்சாவூர்)

இதை அலட்சியம் செய்ய வேண்டாம் தம்பி. எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிகிறதா என்று பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை அளப்பார்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதுதான் காரணமாக இருக்கக்கூடும். உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. டாக்டரிடம் "படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.

போகும்போது அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், தூக்க மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை உட்பட. இவை எல்லாமே தள்ளாட்டம் தரக்கூடியவை. ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தக்கூடாது. பல வருடம் சாப்பிட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று விடுவது ஆபத்து, டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

அதுவரை, விழித்ததும் படுத்தபடியே கணுக்காலை இருபது முறை மேலும் கீழும் ஆட்டட்டும். பிறகு கட்டில் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் உட்காரட்டும். எழுந்த பிறகும் பத்து எண்ணிவிட்டுத்தான் முதல் அடி. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ஒரு நைட் லாம்ப் இருக்கட்டும்.

எனக்கு எழுந்தால் ஒன்றும் இல்லை. படுக்கையில் வலது பக்கம் புரண்டால்தான் அறையே சுற்றுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடும்.

அம்மா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உள்காதில் இருக்கும் சிறு துகள்கள் இடம் மாறியிருப்பது போலத் தெரிகிறது. தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிப் படுக்கவைத்து அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் எப்லி முறை இருக்கிறது. பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ இதில் பழகிய பிசியோவிடமோ காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை போட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள்.

சர்க்கரை வந்து 18 வருடம். பாதம் மதமதவென்று இருக்கிறது, செருப்பு கழன்று போவதுகூடத் தெரிவதில்லை. (சேலம்)

பாதத்திலிருந்து வரும் தகவல் குறைந்துவிட்டது, அதனால் கண்ணை நம்பி நடக்கிறீர்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் தள்ளாட்டம் கூடுமே, கவனித்தீர்களா? குதிகாலைச் சுற்றி வார் உள்ள, அடிப்பாகம் மெல்லியதாகவும் உறுதியாகவும் உள்ள செருப்பு வாங்குங்கள். மெத்துமெத்தென்று தடித்த அடிப்பாகம் சொகுசாக இருக்கும், ஆனால் தரையை உணரவிடாது. வீட்டுக்குள்ளும் போடுங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று மனசு கேட்காது, தெரியும். உள்ளே போட மட்டும் ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பூஜை அறை வாசலில் மட்டும் கழற்றுங்கள். பயிற்சி செய்யும்போது கண்களை மூட வேண்டாம், உங்களுக்கு அது ஆபத்து. ராத்திரி படுக்கும்முன் புண் ஏதாவது இருக்கிறதா என்று உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்.

வீட்டில் முதலில் எதை மாற்றுவது?

பாத்ரூம்தான். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், ஒருநாள் அது கையோடு வந்துவிடும். சுவரில் துளையிட்டு இறுக்கிய ஸ்டீல் கைப்பிடி, கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்குமிடத்தில் ஒன்று. உட்கார்ந்து குளிக்க ஸ்டூல். சோப்புத் தண்ணீர் தங்காமல் தேய்த்துக் கழுவ வேண்டும். உள்தாழ்ப்பாள் போட வேண்டாம், சாத்தி வைத்தால் போதும்.

அடுத்தது நிலைப்படி. அதன் விளிம்பில் மஞ்சள் அல்லது சிவப்பு டேப் ஒட்டுங்கள், கண்ணில் படும். ஓரம் சுருண்ட கால்மிதிகளைத் தூக்கிப் போடுங்கள். தரை துடைத்த ஈரம் காயும்வரை பெரியவர்கள் உட்கார்ந்தே இருக்கட்டும். புடவை, நைட்டி, வேட்டி எதுவானாலும் கணுக்காலுக்கு மேலே இருக்க வேண்டும்.

படிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கிட்டப்பார்வை தூரப்பார்வை இரண்டும் ஒரே கண்ணாடியில் உள்ளவர்கள் கீழே பார்த்தால் படி மங்கித் தெரியும். வெளியே அதிகம் போகிறவர் என்றால் நடைக்கென்று தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாகப் போட்டுக்கொள்வது நல்லது.

வலது முழங்கால் வலி. கைத்தடி எந்தக் கையில்?

இடது கையில். வலிக்கும் காலோடு சேர்ந்து தடியும் முன்னால் போக வேண்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் தடியின் உயரம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள், விலை ரொம்பக் குறைவு.

69 வயது, தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில். விழுந்தால் யார் தூக்குவார்கள் என்ற நினைப்பிலேயே தூக்கம் வருவதில்லை. (நாகர்கோவில்)

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விழுந்தபின் தானாக எழுவதும் ஒரு பயிற்சிதான். யாராவது பக்கத்தில் இருக்கும்போது ஒத்திகை பாருங்கள்.

விழுந்ததும் உடனே எழ முயலாதீர்கள். மூச்சை நிதானமாக்கி, எங்கே வலி என்று பாருங்கள். இடுப்பில் கடும் வலி, கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கிறது, அசைக்க முடியவில்லை என்றால் நகரவே வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். அப்படி இல்லையென்றால் ஒரு பக்கமாகத் திரும்புங்கள். முழங்கையை ஊன்றி, கைகளிலும் முழங்கால்களிலும் நின்று, தவழ்ந்தே உறுதியான நாற்காலிக்குப் போங்கள். இரண்டு கையையும் அதன் இருக்கையில் வையுங்கள். பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, கையால் அழுத்தி எழுந்து, மெல்லத் திரும்பி உட்காருங்கள். முழங்கால் இதற்கு இடம் கொடுக்குமா என்று பிசியோவிடம் முதலில் கேளுங்கள்.

செல்போனைச் சிறு பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராகவும் இருந்தால், நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள்.

நம் தாத்தா பாட்டிகள் பந்திப் பாயில் உட்கார்ந்து எழுந்ததே இந்தப் பயிற்சிதான். டைனிங் டேபிளும் சோபாவும் வந்ததும் விட்டுவிட்டோம். முடிகிறவர்கள் நாளைக்கு ஒருமுறையாவது தரையில் உட்கார்ந்து எழுங்கள்.

பிசியோ வைத்துக்கொள்ள வசதி இல்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, தருவதும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் முதியோருக்கென்றே 2024இல் திறந்த அரசு மருத்துவமனை இருக்கிறது.

மேடம், முதல் கேள்வி கேட்டது நான்தான். இப்போது அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தோம். கையை ஊன்றாமல் எழ வரவில்லை. (திருச்சி)

கையை ஊன்றட்டும் தங்கை, தவறே இல்லை. இருக்கையில் கெட்டியான தலையணை ஒன்று போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், நழுவாமல் கட்டிவிடுங்கள். இந்த வாரம் இரண்டு கையும், சுலபமானதும் ஒரு கை, அதற்கப்புறம் கையில்லாமல். அதுவும் வந்ததும் தலையணையை எடுத்துவிடலாம். நாளைக் காலைக் காபியை மட்டும் கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அடுப்படியில் வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிடுங்கள்.