முன்பகுதியை இழுத்தும் தள்ளியும் வட்டத்தைச் சுருக்கி விரிக்கும் ஜூம் டார்ச்சின் வெளிச்சம் ஒரே இடத்தில் குவிகிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் வீடு முழுக்கப் பரவும்படி அதை மாற்ற முடியுமா?

முடியும். டார்ச்சைப் பிரிக்கக்கூட வேண்டாம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஜூம் டார்ச். சுவரில் அடித்தால் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டம் விழும். அதைப் பார்த்தால் கண் கூசும், சுற்றிலும் கும்மிருட்டு. அம்மா உப்பு டப்பாவைத் தேடும்போதெல்லாம் நான் பக்கத்திலேயே நின்று அடிக்க வேண்டும். "நான் பாக்குற பக்கம் அடிடா" என்று திட்டு வேறு.

முதலில் டார்ச்சை ஒரு சொம்புக்குள் நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். வெள்ளையடித்த மொட்டைமாடி வீடாக இருந்தால் அதுவே போதும், கூரையில் பட்டு அறை முழுக்க வெளிச்சம் இறங்கும். எங்களுடையது ஓட்டு வீடு. கருத்துப்போன ஓடு வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிட்டது. அப்பாவின் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து உத்தரத்துக்குக் கீழே கட்டிய பிறகுதான் கூடத்தில் முகம் தெரிந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தேன். முன்பகுதியை வெளியே இழுத்தால் வட்டம் சுருங்கிப் பளிச்சென்று ஆகும், நமக்கு வெளிச்சம் கூடினமாதிரி இருக்கும். உண்மையில் வெளியே வரும் மொத்த ஒளி குறைகிறது. எல்.இ.டி. சில்லு முன்பக்கம் எல்லாத் திசையிலும் ஒளியைக் கொட்டுகிறது. லென்ஸ் தள்ளிப்போகப்போக அதில் படுவது குறைந்து, மிச்சம் குழாயின் உள்சுவரில் பட்டு வீணாகிறது. 20 மில்லிமீட்டர் அகல லென்ஸ் 15 மில்லிமீட்டர் தள்ளி நின்றால், அதில் விழுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் வீட்டுக்குள் எப்போதும் முன்பகுதியை உள்ளே தள்ளியே வையுங்கள்.

அப்படித் தள்ளியும் வட்டத்தின் விளிம்பு கத்தியால் வெட்டினமாதிரி இருந்தால், லென்ஸின் மேல் ஏதாவது ஒட்டலாம். பட்டர் பேப்பர் ஒளியை நன்றாகப் பரப்பும், ஆனால் நிறையத் தின்றும்விடும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் மங்கலான செலோ டேப் எனக்கு அதைவிடப் பிடித்தது. ஒரே ஒரு அடுக்கு போதும். பளபளப்பான சாதா டேப் ஒட்டிப் பயனில்லை, ஒளி அதில் நேராகப் புகுந்து போய்விடும்.

ராத்திரி வயலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. லென்ஸில் பாதிக்கு மட்டும் அந்த டேப்பை ஒட்டுங்கள். வட்டமும் பாதியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆகாது. தூரத்துக்கு இழுத்து வைத்த நிலையில் லென்ஸின் எந்தப் பகுதியும் முழு வட்டத்தையே போடும், பிரகாசம்தான் குறையும். டேப் ஒட்டிய பாதி காலடியைச் சுற்றிப் பரவும். வரப்பில் நடக்கும்போது தூரத்தில் இருக்கும் மோட்டார் கொட்டகை தெரிவதைவிட, காலுக்குப் பக்கத்தில் கிடக்கும் பாம்பு தெரிவதுதான் எனக்கு முக்கியம். என் டார்ச்சில் அந்த அரை டேப் இன்றைக்கும் இருக்கிறது.

இதெல்லாம் சின்ன டார்ச்சுக்குத்தான். நண்பன் ஒருவனிடம் ஆயிரம் லூமென் (வெளிவரும் ஒளியின் அளவு) கொட்டும் பெரிய டார்ச் ஒன்று இருந்தது. அதன் கண்ணாடியில் பாதியைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மறைத்துப் பார்த்தேன். கறுப்பு ஒளியை வாங்கிச் சூடாகும் என்பது அப்போது தோன்றவில்லை. சில நிமிஷத்தில் டேப் சுருண்டு, தீய்ந்த வாடை வந்துவிட்டது. கண்ணாடியில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தேன்.